பெயர்ச்சீட்டைத் திருப்பி வைத்த பிறகு: ஒரு தையல் கடைப் படத்தொகுப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தப் பதிவில் வருபவர் முப்பதுகளில் இருக்கும் ஒரு பெண். மதுரையில் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறார். அவருடைய அம்மா மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே உள்ள ஒரு சிற்றூரில், வீட்டின் முன் அறையில் பல வருடங்களாகத் தையல் கடை நடத்தி வந்தார். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஜாக்கெட், பாவாடை, ஜூன் மாதம் வந்தால் பள்ளிச் சீருடை, இவைதான் வேலை. அப்பா இறந்த பிறகு வீடு ஓடியதே அந்த மெஷினில்தான். பிறகு முட்டிவலி வந்தது, கண்ணில் புரை வந்தது. ஆபரேஷன் ஆன பிறகும் ஊசியில் நூல் கோக்கும் அளவுக்குப் பார்வை திரும்பவில்லை. கடையை மூடிவிடலாம் என்று அம்மாவே முடிவெடுத்தார்.

அந்தக் கடைசி வருடத்தை மகள் படம் பிடித்தார். பெரும்பாலும் மொபைலில் எடுத்தார், சில படங்களை மட்டும் இரவல் கேமராவில். வார இறுதிகளில் ஊருக்குப் போகும்போது எடுத்தவை என்பதால் பல படங்களில் ஒரே சனிக்கிழமை மதிய வெளிச்சம் இருக்கிறது. மேற்குப் பார்த்த ஜன்னல் வழியாகச் சாய்ந்து வந்து, மெஷின் மேசையின் விளிம்பில் நின்றுவிடும் வெளிச்சம் அது.

படங்களை எடுத்துக்கொண்டு அவர் எங்கள் வாசிப்புக் குழுவுக்கு வந்தார். புகைப்படம் எடுப்பவர்களும் தமிழ் இலக்கியம் கற்பிப்பவர்களும் சேர்ந்த சிறிய குழு அது. தேர்வு செய்யவும் வரிசைப்படுத்தவும் உதவி கேட்டார். அந்த வேலையை ஒருங்கிணைத்தது நான். மகளும் அம்மாவும் இந்தப் பதிவைக் கேட்டு ஒப்புதல் தந்திருக்கிறார்கள். ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

முதல் பார்வையில் கவனித்தவை

அவர் கொண்டுவந்த ஒவ்வொரு படத்தின் கீழும் நான்கைந்து வரிகள் இருந்தன. மெஷின் சக்கரத்தின் மேல் அம்மாவின் கை இருக்கும் படத்துக்கு, ஓய்வறியாத கைகள் என்று தொடங்கும் ஒரு குறிப்பு. ஜன்னல் திட்டில் ஒற்றை டம்ளர் இருக்கும் படத்துக்கு, தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாதவள் என்று முடியும் குறிப்பு. எல்லாமே உண்மையான அன்போடு எழுதப்பட்டவை. எழுத்தும் நன்றாகவே இருந்தது.

ஆனால் பார்த்தவர்கள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: அம்மா பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டிருக்காங்க. சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்கள். கண் முதலில் குறிப்புக்குப் போகிறது, குறிப்பைப் படித்து முடித்ததும் படத்தை ஒருமுறை ஏறிட்டுப் பார்க்கிறது, அது குறிப்போடு ஒத்துப்போகிறது, நகர்ந்துவிடுகிறது. படம் சாட்சிக் கையெழுத்துப் போடும் வேலையை மட்டும்தான் செய்துகொண்டிருந்தது.

அடுத்த சந்திப்பில் ஒரு சோதனை செய்தோம். ஒரு மேசையில் குறிப்புகளோடு படங்கள், இன்னொன்றில் குறிப்பில்லாமல் அதே படங்கள். குறிப்பில்லாத மேசையில் பேச்சு நீண்டது, விவாதமும் வந்தது. அதே சமயம் இரண்டு பேர் ஒன்றும் புரியவில்லை, யார் வீடு இது என்று கேட்டு ஒதுங்கிவிட்டார்கள். அவர்கள் ஒதுங்கியதையும் முக்கியமான தகவலாகவே எடுத்துக்கொண்டோம். குறிப்பை எடுத்துவிட்டால் படம் தானாகத் திறந்துகொள்ளும் என்று நினைப்பது தவறு என்று அன்றைக்கே தெரிந்தது.

மேசைக்கு வந்த கோட்பாடுகள்

இங்கேதான் குழுவில் இருந்த இலக்கியக்காரர்கள் உதவினார்கள். அமைப்பியல் கோட்பாட்டைப் பற்றி விமர்சகர் தமிழவன் எழுதிய ஸ்ட்ரக்சுரலிசம் நூல் 1982இல் வந்த காலத்திலிருந்தே பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த்தின் பெயர் தமிழ்ச் சிற்றிதழ் வட்டாரத்தில் புழங்கி வருகிறது. ஆசிரியன் இறந்துவிட்டான் என்ற அவருடைய வாதத்தைக் கேள்விப்படாதவர்கள் எங்கள் குழுவில் யாரும் இல்லை. 1967இல் வெளிவந்த அந்தக் கட்டுரை சொல்வது இதுதான்: எழுதியவனின் வாழ்க்கையையும் நோக்கத்தையும் தேடி எழுத்தின் பொருளை முடித்து வைக்காதே, பொருள் கூடும் இடம் வாசகன். மகளுக்கு இது முதலில் பிடிக்கவில்லை. என் அம்மாவைப் பற்றிய படத்தில் நான் இல்லாமல் எப்படி என்றார். நியாயமான கேள்வி. அதனால் அந்தக் கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு, பார்த் 1964இல் படத்தின் சொல்லணி பற்றி எழுதிய கட்டுரைக்குப் போனோம்.

அதில் அவர் பன்சானி என்ற பாஸ்தா கம்பெனியின் விளம்பரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, படத்தோடு வரும் எழுத்து இரண்டு வேலைகளைச் செய்யலாம் என்கிறார். ஒன்று, படத்தில் மிதக்கும் பல பொருள்களில் ஒன்றை மட்டும் பிடித்து நிறுத்துவது. மற்றொன்று, படத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்துக் கதையை நகர்த்துவது, சித்திரக்கதையில் வரும் பேச்சு போல. மகளின் குறிப்புகள் எல்லாமே முதல் வகை. இதைக் கண்டதும் அவருக்கு ஒரு தெளிவு வந்தது. விலக வேண்டியது தான் அல்ல, படத்தைப் பிடித்து நிறுத்தும் அந்த வரிகள்தான் என்று.

இத்தாலிய எழுத்தாளர் உம்பர்ட்டோ எக்கோ 1962இல் திறந்த படைப்பு பற்றி எழுதியதையும் பேசினோம். எக்கோ சொல்லும் திறப்பு, எப்படி வேண்டுமானாலும் பொருள் கொள்ளலாம் என்பது அல்ல. வாசகர் வந்து சேர்ந்து முடிக்கும்படி படைப்பாளி கவனமாகத் திட்டமிட்டு விடும் இடம் அது. ஜெர்மன் இலக்கியக் கோட்பாட்டாளர் வோல்ஃப்காங் ஈசர் இன்னும் நுட்பமாக, எழுத்தில் உள்ள வெற்றிடங்களைப் பற்றிப் பேசுகிறார். தொடர்கதையாகப் படித்தவர்களுக்கு அதே கதை புத்தகமாகப் படித்தபோது அவ்வளவு பிடிக்காமல் போனதை அவர் உதாரணமாகக் காட்டுவார். ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில் வாசகர் வேலை செய்கிறார். வார இதழ் வாசித்து வளர்ந்த நம் வீடுகளில் இதற்கு விளக்கமே தேவையில்லை.

ஆனால் மகளின் படங்களை உண்மையில் அசைத்தது இவர்கள் யாரும் இல்லை, குறுந்தொகைதான். குழுவில் இருந்த தமிழாசிரியர் ஒருவர், 'யாயும் ஞாயும் யாரா கியரோ' என்ற நாற்பதாம் பாட்டைப் பலகையில் எழுதினார். கல்யாணப் பத்திரிகையில் அச்சிடும் அளவுக்குப் பழகிய பாட்டு. சேர்ந்துவிட்ட இருவரின் வியப்பாகத்தான் எல்லாரும் வாசித்தோம். பிறகு பாட்டின் கீழே உள்ள கூற்றுக் குறிப்பை எழுதினார். கூடலுக்குப் பின், இவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியின் முகம் மாறியதைக் கண்டு தலைவன் சொன்னது என்கிறது குறிப்பு. பாட்டு சட்டென்று வேறாகிவிட்டது. வியப்பாக இருந்தது இப்போது ஒரு ஆணின் சமாதானப் பேச்சு. இப்படிப்பட்ட குறிப்புகள் பாட்டோடு பிறந்தவை அல்ல, தொகுத்தவர்களோ பின்வந்தவர்களோ சேர்த்தவை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. குறிப்பு பொய் என்று சொல்ல முடியாது, அது ஒரு நல்ல வாசிப்பு. ஆனால் அதுவே பாட்டின் முடிவு என்று ஆகிவிட்டால், பத்திரிகையில் அச்சிட்டவர்களின் வாசிப்புக்கு இடமில்லாமல் போகும். அந்தப் பாட்டை எழுதியவரின் இயற்பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. செம்புலத்தில் பெய்த நீர் என்ற அவருடைய உவமையே அவருக்குப் பெயராகி, செம்புலப்பெயனீரார் ஆனார். ஆசிரியர் மறைந்து படிமம் நிற்பது நமக்குப் புதிய செய்தி அல்ல.

தொல்காப்பியத்தின் அகத்திணை விதி ஒன்றையும் அன்றைக்கே பார்த்தோம்: 'மக்கள் நுதலிய அகனைந் திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்'. காதலைப் பாடும் அகப்பாட்டில் ஒருவரைச் சுட்டிப் பெயர் சொல்லக் கூடாது. நிலமும் பொழுதும் சொல்லலாம், மரமும் பறவையும் விலங்கும் தொழிலும் சொல்லலாம், பெயர் மட்டும் வேண்டாம். பெயர் வந்தால் அது ஒருவரின் கதையாகிவிடும், கேட்பவர் தன்னை வைத்துப் பார்க்க இடம் இருக்காது. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில் பெயரே வரவில்லை. ஆனால் வேலின் தலையில் கட்டிய வேம்பு ஒன்று வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளம் என்பதால் அது அகமாக நிற்காமல், அரசும் போரும் பாடும் புறம் ஆகிவிட்டது என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். ஒரு இலை ஒரு பெயராகிவிட முடியும். இந்த உதாரணம் அடுத்த சில வாரங்களில் எங்களுக்கு மிகவும் தேவைப்பட்டது.

பெயர்ச்சீட்டுப் பிரச்சினை

தொகுப்பில் மிக வலுவான படம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட படம் இது. முன் அறைச் சுவரில் ஒரு கம்பி, அதில் யாரும் வந்து வாங்கிப் போகாத ஜாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் குண்டூசியால் குத்திய சின்னச் சீட்டு. சீட்டில் அம்மாவின் கையெழுத்தில் பெயர், பக்கத்தில் தெருவோ, இன்னார் மருமகள் என்றோ ஒரு அடையாளம், மிச்சம் தர வேண்டிய தையல் கூலி.

இந்தப் படத்தை மகள் நெருங்கிய சிலருக்கு மொபைலில் அனுப்பியிருந்தார். அது கை மாறி ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. ஒரு பெண் தன் பெயரைப் படத்தில் படித்துவிட்டு அம்மாவைத் தேடி வந்தார். அக்கா, நான் லைனிங் வச்சு தைக்கக் கொடுத்தது எங்க வீட்டுக்குத் தெரியாது, இப்ப எல்லாரும் கேக்குறாங்க என்று வருத்தப்பட்டார். சண்டை போடவில்லை. அதுவே அம்மாவை அதிகம் பாதித்தது. அன்றைக்கு அம்மா மகளிடம் கேட்டது ஒன்றுதான்: அவங்க துணிய நம்மகிட்ட நம்பிக் குடுத்தாங்க, நீ ஊருக்கே காட்டிட்டியே பாப்பா.

மகள் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்ப் பேசினார். படத்தை அனுப்பியவர்களிடம் அழிக்கச் சொன்னார். பிறகு எங்களிடம் வந்து, படத்தையே எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

குழுவில் இதைப் பற்றி நீண்ட பேச்சு நடந்தது. கம்ப்யூட்டரில் சீட்டுகளை மங்கலாக்கலாம் என்றார் ஒருவர். அது இன்னும் மோசமாக இருந்தது. மங்கலான இடம், இங்கே ஏதோ மறைக்கிறோம் என்று கத்தியது. சீட்டுகளை எல்லாம் கழற்றிவிட்டு எடுக்கலாம் என்றார் இன்னொருவர். அப்போது அவை வெறும் தொங்கும் துணிகள், யாருக்கோ சொந்தமானவை என்ற உணர்வே போய்விடும். கடைசியில் மகளே ஒரு வழி சொன்னார். சீட்டுகளைத் திருப்பிக் குத்தி மறுபடி எடுப்பது. சீட்டு இருக்கும், எழுத்து இருக்காது. காலண்டர் தாளைக் கிழித்து எழுதிய சீட்டுகள் அவை. திருப்பியதும் சிலவற்றில் தேதி எண்கள் தெரிந்தன, ஒன்றில் ராசிபலனின் பாதி வரி.

கம்பியில் இருந்த துணிகள் அப்படியே இருந்தன, வெளிச்சமும் ஏறக்குறைய அதே. புதிய படம் பழையதைவிட நல்லது என்பது என் உறுதியான கருத்து. பழைய படத்தில் பெயர்களைப் படித்தோம். புதிய படத்தில் துணிகளைப் பார்த்தோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இந்த அனுபவத்துக்குப் பிறகு முடிவுகள் வேகமாக வந்தன. படக்குறிப்புகளை எடுத்துவிட்டு, அகப்பாட்டின் முதற்பொருள் அளவுக்கு மட்டும், அதாவது இடமும் காலமும் மட்டும் தருவது என்று தீர்மானித்தோம். 'முன் அறை, ஆடி', 'ஜன்னல் திட்டு, தீபாவளிக்கு முந்தைய வாரம்', இவ்வளவுதான். முதல் சோதனையில் ஒதுங்கிப்போன அந்த இருவரை மனதில் வைத்துத்தான் இதைச் செய்தோம். முழு இருட்டில் யாரும் கதவைத் தேட மாட்டார்கள். ஆடியில் கடை வெறிச்சென்று இருப்பதும், தீபாவளி வாரத்தில் விடிய விடிய மெஷின் ஓடுவதும் தையல் வீடு தெரிந்த யாருக்கும் உடனே உறைக்கும். தெரியாதவர்களுக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

முகம் பேசும் படங்களைக் குறைத்தோம். அம்மா அழும் படம் ஒன்று இருந்தது, நல்ல படம். ஆனால் அது இருந்தால் மற்ற எல்லாப் படங்களும் அந்த அழுகைக்கான காரணங்களாக மாறிவிடுகின்றன. அகநானூற்றின் நாற்பத்தாறாம் பாட்டில், சேற்றுத் தொழுவத்தை வெறுத்த எருமை கயிற்றை அறுத்து, வேலியைக் கொம்பால் அகற்றி, குளத்தில் இறங்கித் தாமரையை மேய்கிறது. தலைவன் பரத்தையிடம் போனதைத் தோழி எருமையின் செயலுக்குள் வைத்துவிடுகிறாள். உணர்ச்சியைப் பொருள்களிடம் ஒப்படைக்கலாம் என்ற துணிவு மகளுக்கு இங்கிருந்து கிடைத்தது. டேப், மார்க் போடும் சாக், எண்ணெய்க் குப்பி, ஓரம் தேய்ந்த பெடல், அளவு நோட்டு ஆகிய படங்கள் முன்னுக்கு வந்தன. அளவு நோட்டில் பெயர் இருக்கும் பக்கம் தெரியாமல், எண்கள் மட்டும் தெரியும்படி எடுத்த படம்.

மூன்றாவது முடிவுதான் கடினமாக இருந்தது. மெஷினை மினி வேனில் ஏற்றும் படத்தைக் காட்டுவதா வேண்டாமா? அதுதான் கடைசிப் படமாக வர வேண்டும் என்று குழுவில் பெரும்பாலோர் சொன்னார்கள். பார்த் தன் அம்மா 1977இல் இறந்த பிறகு எழுதி, 1980இல் வெளிவந்த புகைப்பட நூலில், அம்மா ஐந்து வயதுச் சிறுமியாகக் குளிர்காலத் தோட்டத்தில் நிற்கும் படத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார், ஆனால் அந்தப் படத்தை அச்சிடவில்லை. அது தனக்கு மட்டுமே இருக்கும் படம், உங்களுக்கு அது எத்தனையோ படங்களில் ஒன்று என்பது அவருடைய காரணம். மகளின் காரணம் வேறு. வேன் படம் எல்லாருக்கும் புரியும், அதுதான் பிரச்சினை என்றார். அது வந்ததும் தொகுப்பு ஒரு கடை மூடிய கதையாகச் சுருங்கிவிடும், முன்னால் உள்ளவை எல்லாம் அங்கே போய்ச் சேரும் படிகள் ஆகிவிடும். படத்தை விட்டுவிட்டார். அந்த முடிவை நான் இன்றும் மதிக்கிறேன்.

காட்சி

ஒரு நூலகத்தின் மாடி அறையில் ஒரு வார இறுதிக்குப் படங்களை மாட்டினோம். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் வெற்றுத் தாள்கள், பென்சில், தாளைப் போட ஒரு பெட்டி. எழுதியவர் பெயர் கேட்கவில்லை. மற்றவர் எழுதியது பார்ப்பவர் கண்ணில் படாமல் இருக்கத்தான் பெட்டி. முதலில் சுவரில் ஒட்டலாம் என்று இருந்தோம். முதல் தாளே அடுத்தவருக்குக் கேப்ஷன் ஆகிவிடும் என்று மாற்றினோம்.

ஜாக்கெட் படத்துக்கு வந்த தாள்கள்தான் அதிகம். இறந்துபோனவர்களின் துணி என்று எழுதியிருந்தார் ஒருவர். ஊரைவிட்டுப் படிக்கப் போன பெண்கள், உடம்பு மாறிவிட்டது, திரும்பி வந்தாலும் இது பொருந்தாது என்று எழுதியிருந்தது இளைய கையெழுத்து ஒன்று. கூலி கொடுக்கக் காசில்லாதவர்கள் என்றது இன்னொரு தாள். ராசிபலன் வரியை மட்டும் படித்து, அதை முடித்து எழுத முயன்றிருந்தார் ஒருவர். ஒரே படம் இத்தனை வீடுகளுக்குள் போய் வந்திருந்தது.

தையல்காரர் பார்த்தது

இரண்டாம் நாள் மாலை நடுத்தர வயதுப் பெண் ஒருவர் வந்தார். அவரும் தையல்காரர் என்று பிறகு தெரிந்தது. ஜாக்கெட் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். தாளில் எழுதவில்லை, மகளைக் கூப்பிட்டுச் சொன்னார்: இது வாங்காமப் போன துணி இல்லம்மா, தச்சு முடிக்காத துணி. இந்தா பாருங்க, இதுல ஹூக் கட்டல. இதுல கழுத்து இன்னும் கையில மடிச்சுத் தைக்கல.

மகள் படத்தை நெருங்கிப் பார்த்தார். உண்மைதான். கம்பியில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் மெஷின் வேலை முடிந்து, கை வேலை மட்டும் நின்றுபோனவை. அவரே எடுத்த படம், அவர் பிறந்து வளர்ந்த அறை, அவருக்கே அதுவரை தெரியாது.

இந்த நிகழ்வில் நான் மிகவும் மதிக்கும் இடம் இதுதான். பார்த் சொல்லும், பார்ப்பவரைத் தனிப்பட்ட முறையில் குத்தும் சின்ன விவரத்தோடு இதைச் சேர்க்க முடியாது. அந்தக் குத்தல் ஆளுக்கு ஆள் மாறும். ஹூக் இல்லாதது யார் பார்த்தாலும் அங்கே இருக்கிறது, ஆனால் அதைப் பார்க்க ஒரு தொழில் தெரிந்த கண் வேண்டும். வாசகர் தனியாக வாசிப்பதில்லை, தான் சேர்ந்த சமூகத்தின் பழக்கத்தோடு வாசிக்கிறார் என்று அமெரிக்க விமர்சகர் ஸ்டான்லி ஃபிஷ் சொன்னது இங்கே நேராகப் பொருந்துகிறது. இலக்கியம் படித்த எங்கள் குழு அந்தப் படத்தில் காத்திருப்பைப் பார்த்தது, பிரிவைப் பார்த்தது, பிரிவைப் பாடும் பாலைத்திணை வரை போனது. ஊசி பிடித்தவர் வேலை நின்றுபோன இடத்தைப் பார்த்தார். படக்குறிப்பில் 'வாங்கப்படாத ஜாக்கெட்டுகள்' என்று பழையபடி எழுதியிருந்தால் அவர்கூட அதை நம்பிவிட்டு நகர்ந்திருக்கலாம்.

மகள் அன்றிரவு அம்மாவிடம் கேட்டார். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: கண்ணு தெரியலடி. நாளைக்குப் பாத்துக்கலாம், நாளைக்குப் பாத்துக்கலாம்னு வச்சேன். வந்து கேட்டவங்ககிட்ட இன்னும் ஆகலனு சொல்லச் சொல்ல அவங்களும் வர்றத விட்டுட்டாங்க.

அண்ணனின் கேள்வி

எல்லா வாசிப்பும் இப்படி வரமாகவே வரவில்லை. ஒற்றை டம்ளர் படத்துக்கு வந்த தாள்களில் ஒன்று, பிள்ளைகள் கைவிட்ட தாய் என்று சொன்னது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகளின் அண்ணன் கடைசி நாள் வந்திருந்தார். தாள்களை எல்லாம் சேர்த்து வாசித்தபோது அதைக் கேட்டார். மாசாமாசம் பணம் அனுப்புறேன், ஆபரேஷனுக்கு லீவு போட்டு வந்து கூட இருந்தேன், கீழ ரெண்டு வரி எழுதியிருந்தா இந்தப் பேச்சு வருமா என்று தங்கையிடம் கேட்டார். பழைய குறிப்புகளைத் திரும்பப் போடச் சொன்னார்.

அந்தத் தாளை ஒதுக்கிவிடலாமா என்று குழு யோசித்தது. இங்கே எக்கோ 1990இல் பொருள்கோளின் எல்லைகளைப் பற்றி எழுதியது உதவியது. எழுதியவரின் நோக்கம், வாசகரின் நோக்கம் இரண்டுக்கும் நடுவே படைப்பின் நோக்கம் என்று ஒன்றை அவர் வைக்கிறார். ஒரு வாசிப்பைப் படைப்பின் மற்ற பகுதிகள் தாங்குகின்றனவா என்று கேட்கச் சொல்கிறார். அப்படிக் கேட்டுப் பார்த்தோம். டம்ளர் படம் மட்டும் என்றால் அந்த வாசிப்பு தாங்கும். தொகுப்பு முழுவதையும் வைத்தால் தாங்காது. வாசலில் ஆண் செருப்பு கிடக்கும் படம் இருக்கிறது, கண் மருந்துப் பெட்டியில் வேளை குறித்த வேறொரு கையெழுத்து இருக்கிறது. யாரோ வந்து போகும் வீடு அது. எழுதியவர் ஒரு படத்தை மட்டும் பார்த்திருக்கிறார், அது அவருடைய உரிமை. தாளை வைத்துக்கொண்டோம். டம்ளர் படத்தையும் மருந்துப் பெட்டிப் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைப்பது என்று வரிசையை மாற்றினோம். குறிப்பு எழுதிப் பதில் சொல்லாமல், இன்னொரு படத்தால் பதில் சொன்னோம்.

அண்ணன் முழுவதும் சமாதானம் ஆகவில்லை. அவர் கேள்வியின் நியாயம் அப்படியே இருக்கிறது. பெயர் சொல்லாத விதி காதலர் இருவரைக் காப்பாற்றும், ஏனென்றால் அவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. இந்தப் படங்களை ஊரில் யாராவது பார்த்தால் யார் வீடு என்று உடனே தெரியும். படத்தில் இல்லாத ஒருவர்மேலும் படம் பேசிவிடுகிறது.

அம்மாவின் வாசிப்பு

அம்மா படங்களை வீட்டில்தான் பார்த்தார், பிரிண்ட்களைக் கட்டிலில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு அருகில் பிடித்து. சக்கரத்தின் மேல் கை இருக்கும் படத்தை எல்லாரும் களைப்பு என்றே வாசித்திருந்தோம், மகளின் முதல் குறிப்பும் அதைத்தான் சொன்னது. அம்மா சொன்னது வேறு. வாசலில் கேட் சத்தம் கேட்டால் மெஷின் சத்தத்தில் யார் என்று தெரியாது, அதனால் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திக் காது கொடுப்பாராம். களைப்பு இல்லை, யார் வந்திருக்கிறார்கள் என்று கவனிப்பது.

இதைச் சுவரில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது எல்லாருக்கும். அவ்வளவு அழகான விவரம். மகள் வேண்டாம் என்றார். அம்மா சொன்னது என்ற எடை சேர்ந்துவிட்டால் வேறு எந்த வாசிப்பும் எழாது. அதே சமயம் அது தொலைந்துபோகவும் கூடாது. அதனால் அந்த பிரிண்டின் பின்பக்கத்தில், பென்சிலால், அம்மாவின் சொற்களில் எழுதி வைத்தார்.

இப்போதைய நிலையும், மாற்ற வேண்டியவையும்

தொகுப்பு இப்போது இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று வீட்டுக்கானது. எல்லாப் படங்களும், பின்பக்கத்தில் பெயர், தேதி, அம்மா சொன்னது, அழும் படமும் வேன் படமும் உட்பட. பேரப்பிள்ளைகளுக்குத் திறந்த பொருள் தேவைப்படாது, அது யார், எப்போது, எங்கே என்பதுதான் தேவைப்படும். குடும்ப ஆல்பத்தில் குறிப்பை எடுத்துவிடுவது பெரிய இழப்பு என்று நான் நினைக்கிறேன். மற்றொன்று வெளியாருக்கானது. அதில் இடமும் காலமும் மட்டும்.

முடிக்காத ஜாக்கெட்டுகளை அம்மா பக்கத்து ஊரில் இருக்கும் தையல்காரரிடம் கொடுத்துக் கை வேலையை முடிக்க வைத்தார். காட்சிக்கு வந்த அந்தப் பெண்ணேதான் அவர். முகவரி தெரிந்தவர்களுக்கு மகள் கொண்டுபோய்க் கொடுத்தார். மிச்சக் கூலி வாங்கவில்லை. சில இன்னும் கம்பியில் இருக்கின்றன.

மாற்ற வேண்டியது என்று இரண்டு விஷயங்களைக் குழு குறித்து வைத்திருக்கிறது. ஒப்புதல் கேட்பதை, படத்தில் இருப்பவர்களோடு நிறுத்தக் கூடாது. படம் யாரைப் பற்றி நினைக்க வைக்குமோ அவர்களையும் கேட்க வேண்டும். குறிப்பில்லாமல் காட்டப் போகிறோம், பார்ப்பவர்கள் தப்பாகவும் நினைக்கலாம், உங்களுக்குச் சம்மதமா என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும். அண்ணனிடம் அதைக் காட்சிக்கு முன்பே கேட்டிருக்கலாம். இரண்டாவது, மொபைலில் எடுத்த படத்துக்குள் தேதியும் நேரமும், லொக்கேஷன் ஆன் செய்திருந்தால் இடமும் பதிந்திருக்கும். சீட்டைத் திருப்பி வைத்துவிட்டு ஃபைலை அப்படியே அனுப்பினால், திருப்பியதற்கு அர்த்தமில்லை. வெளியே போகும் பிரதிகளில் அந்த விவரங்களை நீக்குவதை இப்போது வழக்கமாக்கியிருக்கிறோம்.

அடுத்த காட்சி திண்டுக்கல்லில் வைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. முதல் நாளைத் தையல் வேலை செய்பவர்களுக்கு மட்டும் ஒதுக்க வேண்டும் என்று மகள் கேட்டிருக்கிறார். இலக்கியக்காரர்களான நாங்கள் இரண்டாம் நாள் போவோம்.